வீட்டுக்கு வண்ணம் - தும்பறைப் பாய் சொல்லும் வழி

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பெயின்ட்தான். மகள் பச்சை என்பாள், மகன் நீலம் என்பான், கடைசியில் முன்ஹோலின் நான்கு சுவரும் ரோஸ் நிறமாகிவிடும். அடுத்த வருஷமே அது அலுத்துப்போகும். மறுபடி செலவு!

சகோதரிகளே, இதற்கு வழி தேடித் தூரம் போகவேண்டியதில்லை. தெல்தெனியவுக்கும் கண்டிக்கும் இடையில், குண்டசாலையை அண்டிய ஹேனவல கிராமத்தில் நெய்யும் தும்பறைப் பாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ‘ஹன’ என்னும் கற்றாழை இனச் செடியின் இலையைச் சுரண்டி எடுத்த நார் அது. பாயின் பெரும்பகுதியை நாரின் வெளிர் நிறத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் எல்லாம் கரையிலும் நடுவிலும் மட்டும்தான். முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டையும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் உதவின. இன்று கடைச்சாயமும் சேர்ந்துவிட்டது. 2021இல் யுனெஸ்கோ இந்தக் கைவேலையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சிவப்பு ஏன் அவ்வளவு எடுபடுகிறது? சுற்றிலும் நார் சும்மா இருப்பதால்தான்.

வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். சுவர், அலுமாரி, பெரிய கதிரைகள் போன்று எளிதில் மாற்ற முடியாதவை பாலாடை நிறத்திலோ மணல் நிறத்திலோ இருக்கட்டும். கழுவவும் மாற்றவும் கூடிய தலையணை உறை, மேசைவிரிப்பு, பாய் ஆகியவற்றில் வண்ணத்தைக் கொட்டுங்கள். உம்மாவின் பழைய சேலை ஒன்றில் நாலைந்து உறை தைக்கலாம். பழைய வீட்டில் சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறதா? அதை மறைக்காதீர்கள், அதுவே ஒரு நிறம். எல்லாம் ஒரே துணியில் ‘செற்’றாக வாங்குவது எனக்கு ஏனோ பிடிப்பதில்லை, கடை மாதிரி இருக்கும்.

2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன பகுதிகளில் எரிக்கப்பட்ட வீடுகளைத் திருத்தியவர்களுக்கு இது வெறும் அலங்காரப் பேச்சல்ல. கருகிய சுவரில் நேரே பெயின்ட் அடித்தால் புகைக்கறை மீண்டும் மேலே வரும். நன்றாகக் கழுவி, காயவைத்து, கறை தடுக்கும் பிரைமர் பூசிய பிறகே அடிக்கவேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சென்றால் ஒரு மாதமாவது காயவிடுங்கள். அப்புறம் ஒரு வெளிர் நிறம் போதும். வெறுமையாக இருக்கிறதே என்று வருந்தவேண்டாம். ஒரு பெருநாளைக்கு உறை, அடுத்ததற்கு ஒரு பாய், சாச்சி தரும் ஒரு விரிப்பு என்று வரட்டும். எந்தக் கையிலிருந்து எது வந்தாலும் வெளிர்ச் சுவர் ஏற்றுக்கொள்ளும். சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பாயைச் சுருட்டலாம். 1980களில் பழைய நகர் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனதைக் கண்ட ஊருக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

தும்பறைப் பாயில் மான், யானை, பறவை உருவங்களும் வரும். அவை வேண்டாமென்றால் கோடும் கட்டமும் மட்டும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். யன்னல் வெயில் நேரே படும் இடமும் கூடாது, சாயம் வெளிறிவிடும்.