இறக்கையைப் பற்றிய காற்று

ஆகாய விமானத்தின் இறக்கையில் மேற்புறம் வளைந்திருப்பதால், அவ்வழியே செல்லும் காற்று அதிக தூரத்தைக் கடந்து, கீழ்வழி சென்ற தன் தோழனைப் பின்விளிம்பில் ஒரே சமயத்தில் சந்திக்க வேண்டி விரைகிறது என்று பாலபாடமாகச் சொல்வதுண்டு. கேட்பதற்கு இனிமையான இவ்விளக்கம் உண்மையன்று. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் பார்த்தால், முன்விளிம்பில் ஒரே கணத்தில் பிரிந்த இரு புகைத் துண்டுகளில் மேலே சென்றது முந்திப் போய்விடுவதையும், அவ்விரண்டும் மறுபடி சந்திப்பதே இல்லை என்பதையும் கண்ணாரக் காணலாம்.

அடுக்களைக் குழாயைத் திறந்து, ஒரு கரண்டியை இரு விரல்களால் தளர்வாகத் தொங்கவிட்டு, அதன் குமிழ்ந்த முதுகை நீர்த்தாரையில் மெல்லத் தொடச் செய்யுங்கள். நீர் தள்ளிவிடும் என்று நாம் எதிர்பார்த்திருக்க, அது முதுகின் வளைவைத் தழுவித் திசை திரும்ப, கரண்டியோ தாரைக்குள் இழுபடும். இறக்கையின்மீது ஓடும் காற்றும் வளைவை ஒட்டியே கீழ்நோக்கித் திரும்புகிறது. அதனால் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்து வேகம் மிகுகிறது. காற்றைக் கீழே திருப்பிய இறக்கை, நியூட்டன் வகுத்த விதிப்படி, தான் மேலே உந்தப்படுகிறது.

இந்தத் தழுவலின் ரகசியத்தை 1904-ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் கூடிய சர்வதேசக் கணித மாநாட்டில் வெளியிட்டவர், அப்போது 29 வயதே நிரம்பியிருந்த ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில். கையால் சுழற்றும் சக்கரம் பூட்டிய நீர்த்தொட்டியில் மினுமினுக்கும் தாதுத்தூளைக் கலந்து, நீரோட்டத்தின் போக்கை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பரப்பைத் தொட்ட திரவம் அசையாது நின்றுவிடுகிறது. அதற்கு மேலே மிக மெல்லிய ஒரு படலத்துக்குள்ளேயே வேகம் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏறிவிடுகிறது. இறக்கையை ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் நிமிர்த்தினால், பின்பாதியில் ஏறிவரும் அழுத்தத்தை எதிர்த்துச் செல்லத் திராணியற்ற அப்படலம் பரப்பை விட்டுப் பிரிந்து சுழலாகிறது, தூக்குவிசை சரிகிறது.

சில விமானங்களின் இறக்கைமேல் சிறு தகடுகள் வரிசையாக நிற்பதை ஜன்னலோரப் பிரயாணிகள் கண்டிருக்கலாம். மேலே ஓடும் வேகமான காற்றைச் சுழற்றிக் களைத்த படலத்துக்குள் கலந்து, அது பரப்பை விட்டு அகலாதபடி காப்பதே அவற்றின் உத்தியோகம். அத்தனை பெரிய யந்திரத்தின் பாரமும், இறக்கையின் தோலை ஒட்டி நழுவும் அந்த மெல்லிய படலத்தின் தயவில்தான் நிற்கிறது.