குச்சி டப்பா

"எனக்குப் பையன், பொண்ணு எல்லாம் ஒண்ணுதான்" என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்த கணக்கு டீச்சர் நான். பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி ஒருத்தி என் ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் யாரைக் கேள்வி கேட்கிறேன் என்று கோடு போட்டுவந்தாள். பாடம் முடிந்ததும் தாளை நீட்டினாள். பையன்கள் பக்கம் ஐந்தைந்தாக நாலு கட்டு. பெண்கள் பக்கம் ஒரு கட்டுகூட நிறையவில்லை.

காரணம் பெரிய ரகசியமில்லை. போர்ஷன் முடிக்கும் அவசரம். பையன்கள் கை தூக்காமலே பதிலைக் கத்துவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு பெண் அப்படிக் கத்தினால் மட்டும், "கையத் தூக்கிட்டுப் பேசும்மா!" 1980களில் அமெரிக்காவில் 4, 6, 8ஆம் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்த மைரா, டேவிட் சாட்கர் தம்பதி எழுதியதும் அச்சு அசலாக இதையேதான்.

மறுநாளே ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். கேள்வியைக் கேட்ட பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். முதலிலேயே எடுத்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எடுத்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டு சொல்லியிருக்கிறார். மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது கரும்பலகை முன் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கோடுகள் சமமான வாரம் ஒரு பையன் எழுந்து, "மிஸ், இப்பல்லாம் பொண்ணுங்களையேதான் கேக்கறீங்க" என்றான். தாளைக் காட்டினேன். எண்ணிப் பார்த்தும் நம்பவில்லை. நான் மட்டும் எண்ணாமல் நம்பியிருப்பேனா?

அடுத்தது வேலைப் பட்டியல். பெஞ்சு தூக்கப் பையன்கள், பெருக்கப் பெண்கள் என்பது எங்கள் வழக்கம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மாற்றலாம் என்று பார்த்தால், பதிவேடே பையன்கள் முதலில், பெண்கள் பின்னால்! அகர வரிசையில் புதிதாக எழுதினேன். பையன்களின் பழக்கம் மாறும் என்பதற்குச் சாட்சி உண்டு. ஹரியானா அரசுப் பள்ளிகளில் 2014 முதல் இரண்டரை ஆண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் ஒதுக்கி, ஆண்-பெண் பாகுபாடு பற்றிப் பிள்ளைகளைப் பேசவைத்தார்கள். பிறகு விசாரித்தபோது, இந்த வகுப்பு நடக்காத பள்ளிகளின் பையன்களைவிட அந்தப் பையன்கள் வீட்டு வேலை அதிகம் செய்வதாகச் சொன்னார்கள்.

எங்கள் வகுப்பில் விளக்குமாறு பிடித்த முதல் பையன் குப்பை முழுவதையும் என் காலடிக்கே தள்ளினான். "குடுடா, உனக்கு வராது" என்று பிடுங்க வந்தவள் ஒரு பெண். அவளை உட்காரவைத்தேன். அவன் மறுபடி மூலையிலிருந்து ஆரம்பித்தான்.