மோப்ப நாய்க்கும் ஓய்வுக்காலம்

படையிலிருந்து திரும்பியவருக்கு வீட்டு வாழ்க்கை உடனே பிடிபட்டுவிடாது. அமெரிக்காவில், கெட்ட கனவு கண்டு நடு இரவில் அலறி எழும் முன்னாள் வீரர்களை, பழக்கப்பட்ட நாய்கள் மூக்கால் முட்டி எழுப்பி ஆறுதல் தருகின்றன. இப்படிப்பட்ட நாய்களை வீரர்களே பழக்குவதற்கு வழிசெய்யும் சட்டம் ஒன்று 2021இல் அங்கு வந்தது.

நம் சிங்கப்பூரில் ஓய்வுபெற்று வீடு தேடுவது நாய்கள்தாம்! காவல்துறையிலும் ஆயுதப் படையிலும் வெடிபொருள், போதைப்பொருள் தேடி உழைத்த மோப்ப நாய்கள். வீவக வீடுகளில் சிறிய நாய்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், லாப்ரடோர் போன்றவற்றைத் தனியார் வீட்டுக்காரர்கள்தாம் தத்தெடுக்க முடிந்தது. 2012இல் கலப்பின நாய்களுக்காகத் தொடங்கிய 'அடோர்' திட்டம், 2017இல் இந்த மோப்ப நாய்களுக்கும் வீவக கதவைத் திறந்துவிட்டது. நல்ல காரியம்!

ஆனால், பழக்கம் லேசில் போகுமா? வாழ்நாளெல்லாம் மோப்பம் பிடித்தே பந்தைப் பரிசாக வாங்கிய நாய் அது. தேக்கா பக்கம் நடக்க அழைத்துப்போனால், மல்லிகைச் சரமும் மசாலாவும் மணக்கும் இடத்திலும் நடைபாதையில் கிடக்கும் பையைத்தான் முதலில் முகரும். சிராங்கூன் சாலையில் அப்படி ஒரு நாய் தயங்கி நின்றால், கழுத்துவாரைப் பிடித்து இழுக்காதீர்கள். முகர்ந்து முடிக்கட்டும், பிறகு பந்தைக் கொடுங்கள்.