நான்கு கம்பிகளும் ஒரு நோட்டும்

சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்ட கைகள் இன்று பேஸ் கிட்டாரையும் பிடிக்கின்றன. தாளத்தையும் மெட்டையும் சேர்த்துக் கட்டுவது அந்தக் கருவியின் வேலை. பறையில் பழகிய நம் பிள்ளைகளுக்குத் தாளம் புதிதல்ல. ஆனால், காதால் கேட்டு மட்டும் வாசிப்பவருக்கு உள்ளூர்க் கச்சேரியோடு வாய்ப்பு நின்றுவிடுகிறது. இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பவரையே ஒலிப்பதிவுக் கூடங்கள் தேடுகின்றன.

1968இல் பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதினார். பிறர் படங்களுக்குக் கிட்டார் வாசித்தார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் படிப்பும் கூலி வேலையும்தான்.

அதே டிரினிட்டி இன்று பேஸ் கிட்டாருக்கும் எட்டாம் நிலை வரை தேர்வு நடத்துகிறது. வீட்டிலிருந்தே தொடங்கலாம். மெட்ரோனோம் செயலி செல்பேசியில் இலவசம். தெரிந்த பாட்டு ஒன்றின் பேஸ் பகுதியைக் கேட்டு எழுதுங்கள். மறுநாள் பாட்டைக் கேட்காமல், தாளைப் பார்த்து மெதுவாக வாசியுங்கள். பிழையின்றி வந்தபின் வேகத்தைக் கூட்டுங்கள்.

இதற்காகப் பறையைக் கீழே வைக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் கிட்டாரும் சேர்ந்தே ஒலித்தன.

கருவியின் விலைதான் பல வீடுகளுக்குத் தடை. நம் இரவுப் பாடசாலைகள் ஊருக்கொரு பேஸ் கிட்டார் வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். கணக்குப் பாடத்தோடு இசைக்குறிப்பையும் சொல்லிக்கொடுப்போம்.