மலைநாட்டு நீர்த்திட்டங்களும் தொல்பொருட் சின்னங்களும்

மலைநாட்டில் அணைக்குரிய இடத்தை நாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்ள இயலாது. ஆறு குறுகி ஓடும் இடுக்கில்தான் அணை எழும்ப முடியும்; அதற்கு மேற்புறம் பள்ளத்தாக்கு அகன்றிருந்தால்தான் போதிய நீர் தேங்கும். ஆனால் மலைகளுக்கிடையே சமநிலம் என்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆற்றோரப் படுகைகளே. மக்கள் குடியேறியதும், கோயில் எழுப்பியதும், வணிகர் நடந்ததும் அங்கேதான். ஆகவே, நீர்த்தேக்கத்துக்கு ஏற்ற இடமும் வரலாறு செறிந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுவது தற்செயல் அன்று.

இதற்கு நாகார்ஜுனகொண்டா தெளிவான சான்றாகும். மூன்று புறம் நல்லமலைக் குன்றுகளும் நான்காம் புறம் கிருஷ்ணா நதியும் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கில், கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி விளங்கியது. 1926இல் இதன் சின்னங்கள் கண்டறியப்பட்டன. நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1955 டிசம்பரில். ஆனால் முழு அளவிலான அகழ்வாய்வு அதற்கு முந்திய ஆண்டே, 1954இல், தொடங்கிவிட்டது. ஆர். சுப்பிரமணியம் தலைமையில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையினர் 1960 வரை பள்ளத்தாக்கு முழுவதையும் ஆராய்ந்தனர். கற்காலக் கருவிகள் முதல் இடைக்காலக் கோட்டை வரை அங்கு வெளிப்பட்டன. முக்கியமான ஒன்பது கட்டடங்கள் குன்றின் உச்சியில் மீண்டும் எழுப்பப்பட்டன. வேறு சிலவற்றுக்கு மாதிரிகள் அமைக்கப்பட்டன. அக்குன்று இன்று நீர் நடுவே ஒரு தீவு. இங்கு நாம் கருத வேண்டியது செலவை விடக் கால வரிசையையே. அகழ்வோர் ஒப்பந்தக்காரருக்கு முன்னதாக வந்தனர்; அதனால்தான் ஆறு ஆண்டுகள் கிடைத்தன.

ஸ்ரீசைலம் திட்டத்தின்போது, கிருஷ்ணாவும் துங்கபத்திராவும் கூடுமிடத்தில் நின்ற கூடவெல்லி சங்கமேசுவரர் கோயில் ஆலம்பூருக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. இத்தகைய பணியில் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, வரைபடமும் நிழற்படமும் எடுத்து, மேலிருந்து கீழாகப் பிரித்து, புதிய இடத்தில் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். எண் அழிந்த ஒரு கல் பல நாள் வேலையைக் கெடுக்கும். அவ்வளவு கவனம் செலுத்தினாலும் கோயிலைத்தான் பெயர்க்கலாம். அது காவல் நின்ற ஆற்றுக்கூடலைப் பெயர்க்க இயலாது.

இமாலயத்தில் நிலை வேறு. 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையின் கோவிந்தசாகரில் பழைய பிலாஸ்பூர் நகரம் மூழ்கியது. பியாஸ் நதியில் 1974இல் நிறைவுற்ற போங் அணையின் நீர்த்தேக்கத்தில் பாதூ கோயில்கள் மூழ்கின. 1815இல் நிறுவப்பட்ட பழைய டெஹ்ரி 2005இல் நீருக்குள் சென்றது. இவ்வணைகளால் கிடைத்த பாசனத்தையும் மின்சாரத்தையும் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆயினும் பாதூ கோயில்கள் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி, கோடையில் வெளிப்படுகின்றன. நிலையாக மூழ்கிக் கிடப்பதை விட இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் நிற்பதே கல்லுக்குக் கூடுதல் கேடு.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே காவலாகும். மலைக் கிராமத்துச் சிறு கோயில், நடுகல், பழைய நீரூற்று மண்டபம் போன்றவை பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதது திட்ட அறிக்கையில் இடம்பெறுவதில்லை. அறிக்கையில் இல்லாததற்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. பொருளாதாரம் பயின்றவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. மின் உற்பத்தியின் பயனை அலகுக்கு இத்தனை காசு என்று கணக்கிடுகிறோம். விலை கூற இயலாததைச் சுழி என்று எழுதிவிடுகிறோம். நிலம் கையகப்படுத்தல், மறுகுடியமர்வு ஆகியவற்றைப் போலவே அகழ்வாய்வும் தொடக்க மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பாக இடம்பெறுதல் வேண்டும்.

நீர்த்தேக்கம் சிறிதாயுள்ள சுரங்கவழி மின்திட்டங்களால் கேடில்லை என்ற எண்ணமும் சரியன்று. வெடிவைப்பின் அதிர்வு, தோண்டிய கற்குவியல், அணுகு சாலை ஆகியவை நீர் எட்டாத இடங்களையும் எட்டுகின்றன. எனவே கள ஆய்வின் எல்லையை நீர்மட்டக் கோட்டோடு நிறுத்தலாகாது.

முன்னரே மூழ்கியவற்றுக்கும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய நீர்த்தேக்கங்களில் நீர் வடியும் சில வாரங்களே அளவெடுப்புக்குக் கிடைக்கும் காலம். ஒவ்வோர் ஆண்டும் வண்டல் சிறிது உயர்கிறது.