குறொஸ் ஏன் அடிக்கடி உடைகிறது?

வாகனத்தின் அடியிலிருந்து 'டக்' என்று சத்தம் கேட்கிறது. கராச்சில் காட்டினால், "சாஃப்ட் குறொஸ் தேய்ந்துவிட்டது" என்கிறார்கள். புதியது போடுகிறோம். சில வாரங்களில் மீண்டும் அதே சத்தம், மீண்டும் அதே செலவு. மிளகாயும் வெங்காயமும் சந்தைக்குப் போகவேண்டிய நாளில் வாகனம் நடுத்தெருவில் நிற்கிறது. சாமான் தரமில்லை என்று முணுமுணுக்கிறோம். ஆனால் ஒரே குறொஸ் திரும்பத் திரும்ப உடையுமானால், பெரும்பாலும் காரணம் குறொஸில் இல்லை. வாகனத்தில் பின்னர் செய்யப்பட்ட மாற்றத்திலேயே அதைத் தேட வேண்டும்.

இத்தகைய மாற்றங்கள் எமக்குப் புதியவை அல்ல. 1990இல் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தபின், ஏ-40, மொறிஸ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் பெற்றோலைச் சில துளி விட்டு இயக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்கள் கிடைக்காத அந்நாளில், கையிலிருந்ததை வெட்டியும் ஒட்டியும் எமது தொழிலாளர்கள் வாகனங்களை ஓடவைத்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது, ஓடக்கூடிய ஒவ்வொரு வண்டியும் பெறுமதியானதாக இருந்தது. அந்தக் கைத்திறனை நாம் மதிக்கிறோம். அதே பழக்கம் இன்று 'பட்டா' போன்ற சிறு பார வாகனங்களிலும் தொடர்வதால், அதன் விளைவை அறிந்திருப்பது நல்லது.

சாஃப்ட் செய்யும் வேலை

எஞ்சின் முன்புறமும் டிபரன்ஷியல் பின்புறமும் உள்ள வாகனங்களில், எஞ்சினின் வலுவைப் பின்சில்லுகளுக்குக் கொண்டு செல்வது குழாய் போன்ற நீண்ட சாஃப்ட் ஆகும். வாகனம் குழியில் விழும்போது பின் அச்சு ஏறி இறங்கும். அதற்கேற்ப வளைந்து கொடுக்கவே சாஃப்டின் முனைகளில் குறொஸ்கள் உள்ளன. நீளம் கூடிக் குறைவதற்குச் சறுக்கு முனை ஒன்றும் உண்டு.

குறொஸ் சாய்வாக நின்று சுற்றும்போது சாஃப்ட் ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை விரையும், இரண்டு தடவை தாமதிக்கும். முன் குறொஸ் உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் குறொஸ் சமன் செய்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சாஃப்டின் இருமுனைக் கவைகளும் ஒரே நேராக அமைய வேண்டும். இரு குறொஸ்களின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் உண்டாகும் உதறல் பெயாரிங்குகளைத் தின்றுவிடும்.

பிசகு ஏற்படும் மூன்று வழிகள்

1. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக வில்லுத் தகடு சேர்த்தல். உடல் உயர்வதால் சாஃப்டின் சாய்வு கூடுகிறது. பின் அச்சு சற்றுத் திரும்பிவிட்டால் இரு சாய்வுகளும் சமனாக இரா.

2. வேறு எஞ்சின் பொருத்துதல். பெற்றோல் எஞ்சினுக்குரிய மெல்லிய சாஃப்ட், டீசல் எஞ்சினின் கனமான உதைப்பைத் தாங்க வேண்டியதாகிறது. எஞ்சின் நிற்கும் உயரமும் சாய்வும் மாறிவிடுகின்றன.

3. சாஃப்டை வெட்டி ஒட்டுதல். சாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றக்கூடியது. ஒட்டு சிறிது கோணினாலோ, ஒரு பக்கம் பாரம் கூடினாலோ வண்டி முழுவதும் அதிரும்.

முறிந்தால் என்ன நடக்கும்?

பின் குறொஸ் முறிந்தால் சுழலும் சாஃப்ட் வண்டியின் அடியை அடித்து, பிறேக் குழாயையும் உடைக்கலாம். முன் குறொஸ் முறிந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சாஃப்டின் முன்முனை தெருவில் விழுந்து குழியில் குத்தினால், ஓடும் வண்டியையே தூக்கிவிடக்கூடும். பின்னால் மூட்டைகளுக்கு மேல் எமது பிள்ளைகள் இருக்கலாம். சாஃப்ட் முறிந்த வண்டியை மேட்டில் கியரில் போட்டு நிறுத்துவதிலும் பயனில்லை. எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறுந்துவிட்டதால் அது உருண்டு போகும். சில்லுக்குக் கல் வையுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

* கிளச்சை விடும்போது 'டக்' சத்தம், குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு, குறொஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் போன்ற துருத்தூள் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

* எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தபின், குறொஸின் இருபக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகாதீர்கள்.

* சாஃப்டைக் கழற்றுமுன் சறுக்கு முனையின் இருபக்கமும் நேராக அடையாளம் வெட்டுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் கவைகளின் நேர் கெட்டுவிடும்.

* கிறீஸ் நிப்பிள் உள்ள குறொஸுக்கு, நான்கு மூடிகளிலும் புதிய கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். வெள்ளத்தில் ஓடினால் உடனே மீண்டும் அடியுங்கள்.

* ஒட்டு வேலை தவிர்க்க முடியாததானால் கடைசலில் நேர் பார்த்து, பாரம் சமன் செய்பவரிடமே கொடுங்கள்.

* சாஃப்டின் முன்முனைக்குக் கீழே, அதில் முட்டாதவாறு, உறுதியான இரும்புப் பட்டி ஒன்றை வளையமாகப் பூட்டுங்கள். முறிந்தாலும் அது சாஃப்டை நிலத்தில் விழவிடாது.

வாகனம் இல்லாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. வாடகை வண்டியில் பொருள் ஏற்றும்போது, இன்னும் இரண்டு மூட்டை என்று வற்புறுத்தாதிருப்போம். குறொஸ் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் விலையைக் கேட்குமுன், "இது ஏன் உடைந்தது?" என்று கேட்போம். காரணத்தை ஒருமுறை தீர்த்துவிட்டால், அடுத்த குறொஸுக்கான பணம் விதைக்கு மிஞ்சும்.