திரிசூலம் தெரிந்த பிறகும்

கால்கள் இரண்டும் மரத்து, நடை தள்ளாடி, சிறுநீரும் அடைத்துக்கொண்டு ஒருவர் பினாங்கு பெரிய மருத்துவமனைக்கு வந்தால், அந்தக் காலத்து டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது டி.பி.யைத்தான். முதுகெலும்பை அரிக்கும் காசநோய் இந்த ஊருக்குப் பழகிய வியாதி. திசுவில் முடிச்சுகளைப் போடும் சார்காய்டோசிஸ் என்ற நோய் பாடப்புத்தகத்தில் கிடந்தது. லண்டனில் ஹட்சின்சன் 1877இல் விவரித்தது, நார்வேயின் பெக் 1899இல் எழுதியது எல்லாம் தோலில் கண்டவை. அது தண்டுவடத்துக்குள் இறங்குவது இந்நோய் கண்டவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. யாருக்கு நினைவு வரும்?

நினைவு வந்தாலும் பார்க்க வழி குறைவு. கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த லிப்பியோடாலை முதுகில் ஊசியால் ஏற்றி, நோயாளியை மேசையோடு சாய்த்து, எண்ணெய் எங்கே தடைபடுகிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். 1920களில் பிரான்சில் வந்த முறை இது. அடைப்பு தெரியும், அடைப்பதன் பெயர் தெரியாது. கட்டி என்று நினைத்து முதுகெலும்பைத் திறந்த பிறகு, சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உண்மை தெரிந்தது. சிலருக்கு இறந்த பிறகு. க்வெய்ம் சோதனை என்று ஒன்றும் இருந்தது: வேறொரு நோயாளியின் மண்ணீரல் சாற்றைத் தோலில் செலுத்தி, சில வாரம் காத்திருந்து அந்த இடத்தை வெட்டிப் பார்ப்பது. இன்று நினைத்தால் உடல் கூசுகிறது.

இன்று அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. காடோலினியம் என்ற சாயமருந்தை ஏற்றி எடுத்த குறுக்குவெட்டுப் படத்தில், தண்டுவடத்தின் பின்விளிம்பும் நடுப்பகுதியும் சேர்ந்து வெண்மையாக ஒளிர்ந்தால் திரிசூலம் போலத் தெரியும். 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்து அதே பெயரையும் வைத்தார்கள். நம்மவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். இதே அறிகுறிகளோடு வரும், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. நோயைப் பிரித்துக் காட்ட, 2004இல் கண்டறியப்பட்ட எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனை உண்டு. தண்டுவடத்தில் கத்தி வைப்பதும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நெஞ்சை சி.டி. எடுத்து, அங்கே வீங்கிய நிணநீர்க் கணு இருந்தால், மூச்சுக்குழாய் வழியே ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துவிடலாம்.

இத்தனை வந்தும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது என்பேன். மலேசியாவில் இன்னும் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் பதிவாகிறது. சார்காய்டும் டி.பி.யும் திசுவில் ஒரே மாதிரி முடிச்சுகளைப் போடுகின்றன. டி.பி. முடிச்சின் நடு பெரும்பாலும் அழுகிப் பாலாடைக்கட்டி போலாகும், சார்காய்டில் ஆகாது. ஆனால் சின்னத் துணுக்கில் அது எப்போதும் தெரியுமா? வைத்தியமோ வேறு வேறு. சார்காய்டுக்கு ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப். உள்ளே டி.பி. உறங்கிக் கிடந்தால் அந்த மருந்துகளே அதை எழுப்பிவிடும். சார்காய்டு நரம்பைத் தாக்கியதா என்று சொல்ல 2018இல் நிபுணர்கள் வகுத்த அளவுகோலில்கூட, நரம்பு மண்டலத்திலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்க்காதவரை 'உறுதி' என்ற சொல் கிடையாது. வேறு உறுப்பில் கிடைத்தால் 'பெரும்பாலும்' மட்டும்தான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பதிவான சார்காய்டு நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட அதிகம். ஆகவே கால் மரத்து மருத்துவமனைக்குப் போனால், முன்பு வந்த கண் சிவப்பு, தோல் தடிப்பு, விடாத இருமல், வீட்டில் யாருக்காவது இருந்த டி.பி. எல்லாவற்றையும் டாக்டர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். பழைய நெஞ்சு எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.